அப்பாவுக்கு விளம்பரம் வராத ஒரு போன்

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, அப்பாவுக்கு வேறு போன் வேண்டும் என்று நான் சொன்னதும், "அப்பாவுக்கு எந்த போன்மா வேணும்? மாடலை மட்டும் சொல்லு, இப்பவே ஆர்டர் போட்டுர்றேன்" என்று கேட்டாய். "யோசிச்சுச் சொல்றேன்பா" என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. விளம்பரம் வராத போன், வாங்கும்போதே வேண்டாத ஆப்புகளை அடைத்துத் தராத போன் என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் என்று கேட்டிருப்பாய். அதைச் சொல்லப் போனால், ஒன்றரை வருடமாக உன்னிடம் நான் மறைத்த ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கும். பேசினால் பாதியில் அழுதுவிடுவேன், அல்லது உனக்கு மீட்டிங் வந்துவிடும். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நோட்டுத் திருத்தியவள், எனக்கு எழுத உட்கார்ந்தால்தான் பேச்சு ஒழுங்காக வருகிறது. அதனால் எழுதுகிறேன். அவசரமாகப் படிக்காதே. புனேயில் உனக்கு ஓய்வு கிடைக்கிற ஒரு நாளில், உட்கார்ந்து படி.

உன் அப்பாவுக்கு இருப்பது வயதான மறதி இல்லை தம்பி. "சாவிய எங்க வச்சேன்னு தேடுறாரு, அம்புட்டுதான்" என்று நான் உன்னிடம் சொல்லி வந்தது பொய். ஒன்றரை வருடத்துக்கு முன் ஒரு பெரிய டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவர் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, கடிகாரம் ஒன்று வரையச் சொன்னார். இருபத்தெட்டு வருடம் கப்பலூர் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்த மனிதர், சைரன் அடிப்பதற்கு முன் வாட்சைப் பார்த்துக்கொண்டு கேட்டருகே நின்றவர், எல்லா எண்களையும் வட்டத்தின் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதினார். எழுதி முடித்து என் பக்கம் திரும்பி, "சரியா டீச்சர்?" என்றார். இந்த வீட்டில் என்னை அவர் வேறு பெயரில் கூப்பிட்டதே இல்லை, உனக்குத் தெரியும். "சரிதாங்க" என்றேன். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது மூளையில் வரும் நோய், கூடிக்கொண்டே போகும், வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், திருப்ப முடியாது என்று சொன்னார்.

அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். உன் மனைவிக்கு அப்போது ஒன்பதாம் மாதம். பிள்ளை பிறக்கட்டும் என்று நினைத்தேன். ஜெனி பிறந்த பிறகு, கொஞ்சம் வளரட்டும் என்று நினைத்தேன். பிறகு நீ வேலை மாறினாய். சொல்லாமல் இருப்பதற்கு ஒவ்வொரு மாதமும் ஒரு நல்ல காரணம் கிடைத்தது. உனக்காக முடிவெடுப்பது எனக்குப் பழக்கம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வரலாறு படிக்கிறேன் என்று நீ சொன்னபோது, உன்னைக் கேட்காமல் இன்ஜினியரிங் விண்ணப்பத்தை நிரப்பி, கையெழுத்துப் போடுவதற்கு மட்டும் உன்னைக் கூப்பிட்டவள் நான். நீ ஒன்றும் சொல்லாமல் போட்டாய். அந்த அமைதியைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இதுவும் அந்த மாதிரிதான் நடந்துவிட்டது. இரண்டுக்கும் சேர்த்து மன்னித்துக்கொள்.

இப்போது போன் கதைக்கு வருகிறேன். அப்பாவின் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய போனைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். உன்மேல் குற்றம் சொல்வதற்காக இல்லை. பெரிய திரை, பெரிய எழுத்து, அப்பாவுக்குக் கண்ணுக்கு நல்லது என்று பார்த்துத்தான் அனுப்பினாய். பெட்டியைப் பிரித்து உயிர் கொடுத்தது நான். "ஒப்புக்கொள்கிறேன்", "அனுமதி", "தொடர்க" என்று ஒவ்வொன்றாக வந்தது. எல்லாவற்றையும் அழுத்தினேன். கேள்வியை இரண்டு தடவை படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள் என்று பரீட்சைக்குப் பரீட்சை பிள்ளைகளுக்குச் சொன்னவள், ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. முடிந்தபோது, நாம் கேட்காத எத்தனையோ ஆப்புகள் அதில் வரிசையாக நின்றன. விளையாட்டு, சாமான் வாங்குகிற கடை, செய்தி, சினிமா, கடன் தருகிறவன், வேலை தேடித் தருகிறவன். போனைத் திறக்கும் முன்பே ஒரு படம் வரும், ஒவ்வொரு தடவையும் வேறு படம், கீழே ஒரு வாசகம். அது விளம்பரம் என்றுகூட எனக்கு முதல் வாரத்தில் தெரியவில்லை.

உன் அப்பாவுக்கு அவை எல்லாம் அவருக்கு வந்த கடிதங்கள். "இனிய காலை வணக்கம், இன்று உங்களுக்கு ஒரு நல்ல செய்தி" என்று வந்தால், அதைச் சத்தம் போட்டுப் படித்து, "யாரோ நல்லவரு டீச்சர், தெனமும் விசாரிக்கிறாரு" என்பார். "உங்களுக்காகக் காத்திருக்கிறோம்" என்று ஒரு நகைக்கடை சொன்னால், பாவம் காத்திருக்கிறார்களே என்று சட்டையைத் தேடுவார். முதலில் சிரித்தேன். பிறகு விளக்கிச் சொன்னேன். பிறகு விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்பதையும் சொல்கிறேன். போன் கையில் இருந்தால் அவர் ஒரு மணி நேரம் நாற்காலியை விட்டு எழ மாட்டார். நான் சமைக்கலாம், குளிக்கலாம், ஜெபம் பண்ணலாம். ஜெனி சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கும்போது உன் வீட்டில் போனைக் கொடுக்கிறீர்கள் என்று நான் குறை சொன்னேனே, ஞாபகமிருக்கிறதா? அதே நேரத்தில் நான் இங்கே உன் அப்பாவை அப்படித்தான் உட்கார வைத்திருந்தேன்.

ஒரு புதன்கிழமை காலை, துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். இறங்கி வந்தபோது வாசற்கதவு திறந்து கிடந்தது. நாற்காலி காலி. இஸ்திரி போட்டு வைத்திருந்த நீலச் சட்டையைக் காணவில்லை, ஷூவையும் காணவில்லை. தெருவுக்கு ஓடினேன். எதிர்வீட்டுப் பாண்டியம்மாள் கோலமாவு டப்பாவோடு நின்றவள், "சார் அப்பவே பஸ் ஏறப் போனாரு. கம்பெனில இருந்து கூப்பிட்டுட்டாங்களாம், டூட்டிக்குப் போறேன்னு போனக் காட்டிச் சிரிச்சுக்கிட்டே போனாருக்கா" என்றாள்.

வேலை தேடித் தருகிற அந்த ஆப்பிலிருந்து வந்த செய்தியைப் பிறகு நானே பார்த்தேன். "உங்கள் பகுதியில் அனுபவமுள்ள சூப்பர்வைசர் தேவை. உடனே வரவும்." மதுரைக்காரர்கள் எத்தனை பேருக்கு அது போயிருக்குமோ. அவர் அதைத் தன்னை அழைப்பதாகப் படித்திருக்கிறார். கம்பெனி மூடி வருடக்கணக்கு ஆகிவிட்டது, இப்போது அந்தக் கட்டடம் யாருடைய குடோனோ. அவருக்கு மட்டும் அது மூடவில்லை.

ஆட்டோ பிடித்து ஒத்தக்கடையிலிருந்து மாட்டுத்தாவணி போனேன். பஸ் ஸ்டாண்டில், கப்பலூர் வழியாகப் போகும் திருமங்கலம் பஸ் நிற்கும் இடத்தில் தேடினேன். இல்லை. அதே ஆட்டோவில் கப்பலூருக்குப் போகச் சொன்னேன். வழி முழுக்க அவர் போனுக்கு அடித்தேன். மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. திரும்ப அடிக்கிறேன், எடுக்கவில்லை. உன் பெயர்மேல் விரலை வைத்தேன் தம்பி. என்ன சொல்வது? உன் அப்பாவைக் காணோம் என்று மட்டும் எப்படிச் சொல்வது? அதற்கு முந்திய ஒரு வருடக் கதையையும் அந்த ஆட்டோவில் வைத்தா சொல்வது? விரலை எடுத்துவிட்டேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு, "அழுவாதீங்கம்மா, பகல்தான, எங்கயும் போயிருக்க மாட்டாரு" என்றார். அவர் சொல்லித்தான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

டோல்கேட் தாண்டும் முன் ஒரு வழியாக யாரோ எடுத்தார்கள். பெண் குரல். "யக்கா, யாருங்க நீங்க? இங்கன ஒரு பெரியவரு ரொம்ப நேரமா பூட்டுன கேட்டுக்கு முன்னாடியே நிக்கிறாரு. வெயில்ல நிக்காதீங்கய்யான்னா, ஷிப்ட் மாறப்போகுது, வரிசைய விட்டு வர முடியாதுங்கிறாரு." செல்வி என்று பெயர். அந்த கேட்டுக்கு எதிரே டீக்கடை போட்டிருக்கிறவள். "போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சுக்கா. ஏதோ சோப்பு விளம்பரம் ஓடுது, அதுக்கு மேல ஓரத்துல பொடிசா உங்க பேரு வருது. அவரு நடுவுல நடுவுலயே தட்டுறாரு, தட்டத் தட்ட அது சாமான் விக்கிற கடைக்குள்ள போகுது. வாங்கிப் பாத்தாத்தான எனக்கே தெரிஞ்சுச்சு."

நான் போய்ச் சேர்ந்தபோது செல்வி அவரை நிழலுக்கு இழுத்துப் போய் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்திருந்தாள். மடியில் ஒரு துண்டைப் போட்டிருந்தாள். ஏன் என்று கிட்டே போன பிறகுதான் புரிந்தது. வரிசையை விட்டுப் போகக் கூடாது என்று நின்றிருக்கிறார், பேன்ட் நனைந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் முகம் சிவந்து, "டீச்சர், நீ எதுக்கு இங்க வந்த? கம்பெனிக்குள்ள பொம்பளைங்கள விட மாட்டாங்க" என்றார். "வீட்டுக்குப் போவோம்ங்க" என்றேன். "கூப்பிட்டுருக்காங்கல்ல? இம்புட்டு வருஷம் கழிச்சுக் கூப்பிட்டுருக்காங்க. நான் இல்லேன்னா ரெண்டாம் நம்பர் மெஷினை யாரு பாக்குறது?" என்று கேட்டார். செல்விதான், "ஐயா, இன்னைக்குக் கரண்டு இல்லையாம், நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க" என்றாள். உடனே எழுந்தார். அந்தப் பொய்க்கு நான் இன்னும் அவளுக்கு நன்றி சொல்லவில்லை.

மறுநாள் அந்தப் போனை எடுத்துக்கொண்டு டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். அப்பாவைப் பாண்டியம்மாள் பார்த்துக்கொண்டாள். கடையில் ஒரு பெண், முப்பது வயதிருக்கும், பொறுமையாகக் கேட்டாள். "விளம்பரமே வராத மாதிரி பண்ணிக் குடும்மா" என்றேன். "முழுசா முடியாதும்மா. இந்த ஆப்பெல்லாம் எடுத்துரலாம். ஆனா இந்தா பாருங்க, இதையெல்லாம் போன் கம்பெனியே உள்ள வச்சு விக்கிது. அழிக்க விடாது. தூங்கத்தான் வைக்கலாம்" என்றாள். "ஏம்மா, நாங்க துட்டுக் குடுத்துத்தான வாங்குனோம்?" என்று கேட்டேன். "வெல கம்மியா இருக்குல்ல, மீதிய விளம்பரக்காரன் குடுக்கிறான்மா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஒவ்வொன்றாகத் தூங்க வைத்தாள். பூட்டுத் திரையில் படம் மாறுவதை நிறுத்தினாள். காலை வணக்கம் மட்டும் எப்படியோ வந்துகொண்டிருந்தது, மற்றபடி மூன்று வாரம் நிம்மதி. பிறகு ஒரு நாள் போன் தானாகவே ஏதோ அப்டேட் போட்டுக்கொண்டது. மறுநாள் காலை எல்லாமே எழுந்துவிட்டன, புதிதாக இரண்டு பேர் கூட்டு வேறு. அன்றைக்கு நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் செய்த தப்பை அடுத்த பரீட்சையில் திருத்த முடியும். இதை எங்கே போய்த் திருத்துவது, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

பட்டன் போன் வாங்கிப் பார்த்தேன். "இது வாட்ச்மேன் போன்" என்று தூக்கி மேசைமேல் வைத்துவிட்டார். திரும்ப அந்தக் கடைப் பெண்ணிடமே போனேன். இந்தத் தடவை காலை வணக்கம் உட்பட எல்லாவற்றையும் நிறுத்தி, தானாக அப்டேட் ஆவதையும் நிறுத்திக் கொடுத்தாள். எத்தனை நாளைக்கு என்று அவளாலும் சொல்ல முடியவில்லை. அவள் சொன்னதை வைத்துத்தான் உனக்கு எழுதுகிறேன். நீ வாங்கும்போது கேமராவைப் பார்க்காதே. கடையில் பிரித்து வைத்திருக்கும் போனை வாங்கி, பத்துத் தடவை பூட்டித் திறந்து பார், முதலில் என்ன வருகிறதென்று. ஆப்புகளின் பட்டியலுக்குப் போய் ஒவ்வொன்றாக அழுத்தி, அழிக்க விடுகிறதா, தூங்க மட்டும் வைக்கிறதா என்று பார். விலை கூட இருந்தாலும் அழிக்க விடுவதை வாங்கு. பெட்டியைப் பிரித்ததும் அது கேட்கிற அனுமதிகளைப் படித்துவிட்டு அழுத்து. எனக்காக வேண்டாம், நாளைக்கு ஜெனி கையில் ஒன்று கொடுப்பாயே, அதற்காக.

ஆனால் தம்பி, போன் சுத்தமான பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. முதல் நாள் அவர் போனைத் திறந்து திறந்து மூடினார். இரண்டாம் நாள், "டீச்சர், இது கெட்டுப்போச்சா?" என்றார். நல்லாத்தான் இருக்கிறது என்றேன். "அப்பறம் ஏன் யாரும் ஒண்ணும் அனுப்பல?" நான்காம் நாள் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் ஏதும் தப்புப் பண்ணிட்டனா? யாருமே விசாரிக்க மாட்டேங்கிறாங்க" என்றார். அவருடைய கூட்டாளிகளில் பாதிப்பேர் போய்விட்டார்கள், மீதிப்பேருக்கு இவரோடு என்ன பேசுவதென்று தெரியவில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை பேசுகிறாய், பேசி முடித்த அரைமணி நேரத்தில் அவருக்கு அது மறந்துபோகிறது. உன்னைக் குறை சொல்லவில்லை. அவருக்குத் தினமும் காலை வணக்கம் சொன்னது அந்த விளம்பரங்கள் மட்டும்தான் என்பது, அவற்றை நான் நிறுத்திய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு வாரம் பார்த்தேன். நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலுக்கும் நாற்காலிக்குமாக நடந்தார். கதவைப் பூட்டி வைத்தால் தட்டினார், என்னைத் திட்டினார், ஒரு நாள் அழுதார். பிறகு ஒரு காரியம் செய்தேன். என் போனில் பயன்படுத்தாத ஒரு பழைய சிம் கிடந்தது. அந்த எண்ணை அவர் போனில் "ஆபீஸ்" என்று பதிந்தேன். அடுப்படியில் நின்றுகொண்டு, "சூப்பர்வைசர் அவர்களுக்கு வணக்கம். இன்று ஷிப்ட் இல்லை. வீட்டில் ஓய்வு எடுக்கவும்" என்று அடித்து அனுப்பினேன். கூடத்தில் மணி அடித்தது. சத்தம் போட்டுப் படித்தார். "டீச்சர், இன்னைக்கு ஷிப்ட் இல்லையாம்" என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். இரண்டு வாரத்துக்குப் பிறகு நான்கு இட்லி சாப்பிட்டார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அனுப்புகிறேன். ஒரு நாள் மின்தடை, ஒரு நாள் மெஷின் பழுது பார்க்கிறார்கள், ஒரு நாள் நிர்வாகம் தங்கள் சேவையைப் பாராட்டுகிறது. பொய் சொல்லக் கூடாது என்று உன்னை முழங்காலில் நிற்க வைத்தவள் நான். அந்த விளம்பரக்காரன் செய்ததைத்தான் நானும் செய்கிறேன். அவன் முகம் தெரியாமல் செய்தான், நான் பத்தடி தள்ளி நின்றுகொண்டு செய்கிறேன். பாஸ்டரிடம் கேட்கலாமா என்று நினைத்தேன், தப்பு என்று சொல்லிவிட்டால் அடுத்த நாள் காலை என்ன செய்வது என்று பயந்து கேட்கவில்லை.

போன வாரம் எனக்கு நல்ல காய்ச்சல். உன்னிடம் சளி என்று சொன்னேன். எழுந்திருக்க முடியவில்லை, அன்றைய செய்தியை அனுப்பவும் இல்லை. படுத்துக்கொண்டே அவர் சட்டை போடும் சத்தத்தைக் கேட்டேன். ஷூவை எடுத்தார். அறை வாசலில் வந்து கொஞ்ச நேரம் நின்றார். பக்கத்தில் வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, போனை எடுத்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். வெகுநேரம் தட்டினார். தலையணைக்கடியில் இருந்த என் போன் அதிர்ந்தது. "ஐயா வீட்டில் டீச்சருக்கு உடம்பு சரியில்லை ஒரு நாள் லீவ் வேண்டும்."

இருபத்தெட்டு வருடத்தில் எனக்காக அவர் ஒரு நாளும் லீவ் போட்டதில்லை தம்பி. நீ பிறந்த அன்றுகூட ஷிப்ட் முடிந்துதான் வந்தார். போர்வைக்குள் கையை வைத்துக்கொண்டு, "விடுப்பு வழங்கப்பட்டது" என்று அடித்தேன். கண்ணீரில் எழுத்துத் தெரியாமல் இரண்டு தடவை தப்பாக அடித்தேன். அவர் படித்துவிட்டு ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். எனக்குக் காபி போடப் போனார். சர்க்கரை டப்பாவைத் தேடி எல்லாக் கதவையும் திறந்து மூடினார். கடைசியில் ஒரு டம்ளரில் வெந்நீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். நாள் முழுக்க என் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காய்ச்சல் விட்டது. காலையில் அவர் நீலச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். "நேத்து எனக்காக லீவ் போட்டீங்களேங்க" என்றேன், ஆசையாகத்தான் கேட்டேன். "லீவா? நானா? யாருகிட்ட கேட்டுக்கிட்டுப் பேசுற டீச்சர்? நான் லீவே போட்டதில்லையே" என்று சொல்லிவிட்டு ஷூவைத் தேடப் போனார். நான் அடுப்படிக்குப் போய் என் போனை எடுத்தேன்.

அவர் அனுப்பிய அந்த மெசேஜை அழிக்காமல் வைத்திருக்கிறேன். நீ வந்தால் காட்டுகிறேன். சீக்கிரம் வா.

அம்மா